தோலில் இரண்டு சிறு ஓட்டைகள்

மார்வா கெஸ்லர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, சோல்வே ஹாகன் வளைந்த ஊசியில் மெழுகு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தோல் கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும் குளிர் தரையை விட்டுப் போகவில்லை. உத்தரத்திலிருந்து கயோட்டி என்னும் புல்வெளி நரிகளின் தோல்கள் மூக்கு மேலாக, வால் கீழாக வரிசையாகத் தொங்கின. மேசைமேல் இன்னொரு தோல், உட்புறம் வெளியே தெரியத் திருப்பப்பட்டு, மரப்பலகையில் இழுத்து மாட்டியிருந்தது. அதன் இரு விலாவிலும் பென்சில் முனை அளவில் பக்கத்துக்கொரு ஓட்டை. சோல்வே ஒரு பின்னல் ஊசியை ஒன்றில் நுழைத்து மற்றொன்றில் வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

"பூட்ஸைத் தட்டிட்டு வா, மார்வா. காபி இருக்கு."

"காபிக்கு வரல. திங்கட்கிழமை டேலை ஜட்ஜ் முன்னால நிறுத்தப் போறாங்க. கொலைன்னே எழுதப் போறாங்களாம்."

வில்லோ பெண்ட் ஊரில் அந்தச் சங்கதி தெரியாதவர் இல்லை. இருந்தாலும் மார்வா முதலிலிருந்து சொன்னாள், சோல்வேயும் இடைமறிக்காமல் கேட்டாள். ஒன்பது நாளுக்கு முன், தன் மேய்ச்சல் நிலத்துத் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்த வெண்டெல் ரூட் குண்டடி பட்டு இறந்துபோனார். மதியச் சாப்பாட்டுக்கு வராததால் தேடிப்போன தம்பி ஆர்லன்தான் உடலைக் கண்டெடுத்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும் முப்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு வாழ்ந்தவர்கள்.

அன்று காலை அந்தப் பக்கம் துப்பாக்கியோடு இருந்தது மார்வாவின் கணவன் டேல். தொட்டிக்கு மேற்கே உள்ள ஓடைப் பள்ளத்தில் கயோட்டி வேட்டைக்கு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை சுட்டதாக அவனே ஒப்புக்கொண்டான். அதற்கு ஒரு மாதம் முன் வெண்டெல் தன் நிலத்து வாசலைப் பூட்டி, இனி இங்கே வேட்டைக்கு வராதே என்று அவனிடம் சொல்லியிருந்தார். காபிக் கடையில் பத்துப் பேர் முன்னால், அவன் துப்பாக்கி பிடிப்பதே வானத்தைப் பார்த்துத்தான் என்று கேலியும் பண்ணியிருந்தார். "அடுத்த தடவை தவறாது" என்று டேல் சொன்னதைப் பத்துப் பேரும் இப்போது ஷெரிஃப்பிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரர் வாய் அப்படி. கை அப்படி இல்ல," என்றாள் மார்வா. "இன்னும் அஞ்சு வாரத்துல மாடுங்க கன்னு போட ஆரம்பிக்கும். நூத்தி நாப்பது மாடு. அதைக்கூட நான் பார்த்துப்பேன். எங்க பொண்ணு ஸ்கூல் பஸ்ல ஏற மாட்டேங்குறா, சோல்வே. அவ பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்களாம்."

"நான் தோல் வாங்கி விக்கிறவ. வக்கீல் இல்லையே."

"ஓட்டையைப் பார்த்தே எங்க நின்னு, எதால சுட்டதுன்னு சொல்லுவீங்களே. அன்னிக்கு வேலியோரம் செத்துக் கிடந்த காளை விஷயத்துல நீங்கதானே சொன்னீங்க?"

"காளைக்குச் சொந்தக்காரன் பொய் சொன்னான். காளை சொல்லல. அதனால சுலபமாப் போச்சு." சோல்வே ஊசியை மேசையில் வைத்தாள். "பார்க்கிறேன். என்ன தெரியுதோ அதைத்தான் சொல்லுவேன். உனக்குப் பிடிச்சதா இருக்கும்னு இல்ல."

"நெஜமா இருந்தாப் போதும்."

போகும்போது மார்வாவின் பார்வை மேசைத் தோலின் மேல் விழுந்தது. யாருடையது என்று கேட்டாள். ஆர்லன் கொண்டுவந்தது, பதப்படுத்தி அண்ணன் உட்காரும் நாற்காலிமேல் போட வேண்டுமாம் என்று சோல்வே சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன ஞாயிறு சர்ச் வாசலில் ஆர்லன் அவளைக் கண்டும் காணாதவர்போல் கடந்து போயிருந்தார்.

*

சோல்வே போன் பண்ணிக் கூப்பிட்டதும் துணை ஷெரிஃப் லைல் ஃபாஸம் மதியம் வந்தான். இருபத்தெட்டு வயது. எதையும் பாதி கேட்டதுமே மீதியைத் தானே சொல்லிவிடும் சுபாவம். வரும்போதே ஒரு காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"போட்டோ கொண்டு வந்திருக்கேன், மேடம். ஷெரிஃப்கிட்ட கேட்டுட்டேன். 'கிழவி பார்த்தாப் பார்க்கட்டும், பார்த்து என்ன ஆகப் போகுது'ன்னார்."

"கிழவிக்குக் கண்ணாடி எடுத்துக் கொடு. அந்த டப்பா பக்கத்துல."

அவள் பூதக்கண்ணாடியைத் துடைப்பதற்குள் அவன் வழக்கையே முடித்துவிட்டான். உடலில் இருந்து எடுத்த தோட்டா முழுக்கச் செம்பு உறை போட்டது, நொறுங்காதது. டேலின் பட்டறையில் அதே மாதிரித் தோட்டாப் பெட்டி ஒன்று கிடைத்தது, அதில் பன்னிரண்டு குறைகிறது. துப்பாக்கிக் குழாயின் அளவும் பொருந்துகிறது. அரசு ஆய்வகம் இரண்டையும் ஒப்பிட்டுப் பதில் சொல்ல ஆறு வாரம் ஆகும், ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அந்த அளவுத் துப்பாக்கி இந்த ஊர்ல எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"என்கிட்டயே இருக்கு," என்றான் லைல், கொஞ்சம் சுருதி இறங்கி.

சோல்வே எழுந்து, டேலின் பெயர்ச்சீட்டு கட்டிய தோல்களை உத்தரத்திலிருந்து இறக்கினாள். பதினொன்று. ஒவ்வொன்றையும் உள்ளே விளக்கை விட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓட்டை. எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லை.

"இது முனையில குழி வச்ச தோட்டா, லைல். மெல்லிசா இருக்கும், வேகமாப் போகும். உள்ளே நுழைஞ்சதும் பொடிப்பொடியா நொறுங்கி அங்கேயே நின்னுடும். வெளியே வராது. தோல் தப்பிச்சுது. ஆனா தோள் எலும்புல போய்ப் பட்டா மேலேயே வெடிச்சு, தொப்பி அளவுக்குக் கிழிச்சிடும். அதுக்கு பயந்தவங்கதான் உறைத் தோட்டா போடுவாங்க. அது நொறுங்காது. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். ரெண்டு சின்ன ஓட்டை, தைச்சாத் தெரியாது."

"தெரியுமே. அதான் செவுத்துலயே எழுதி வச்சிருக்கீங்களே." லைல் சுவரைக் காட்டினான். சோல்வேயின் கையெழுத்தில் ஒரு அட்டை அங்கே நான்கு வருஷமாகத் தொங்குகிறது: கை நுழையும் ஓட்டைக்குப் பாதி விலை. எலும்பில் சுடுகிறவர்கள் உறைத் தோட்டாவுக்கு மாறவும்.

"டேலும் அதைப் படிச்சுட்டுத்தான் வாங்கினான். போன வருஷம் பன்னிரண்டு சுட்டான். ரெண்டு கயோட்டி அடிபட்டும் விழாம ஓடிப் போய் எங்கேயோ செத்துது. அவனுக்கு அது பிடிக்கல, நிறுத்திட்டான். இந்தக் குளிர்காலத்துல அவன் கொண்டுவந்ததுல ரெண்டு ஓட்டை உள்ளது ஒண்ணுகூட இல்ல."

"மனுஷனுக்குன்னு தனியா ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம் இல்லையா?"

"வச்சிருக்கலாம். அவன் அன்னிக்கு எதைச் சுட்டதாச் சொல்றான்?"

லைல் சிரித்தான். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய் என்றான். இடது முன்பாதம் இல்லாத அந்தக் கிழட்டுக் கயோட்டியைச் சுட்டானாம். ஏழரை மணிக்கு அழைப்புக் குழலை ஊதினானாம், அது வந்ததாம், சுட்டானாம், தவறிப்போய் அது கிழக்கே ஓடிவிட்டதாம். ரூட் சகோதரர்கள் இரண்டு குளிர்காலமாகத் தேடியும் கிடைக்காத மிருகம், இலையுதிர் காலத்துக்கு அப்புறம் யார் கண்ணிலும் படாதது, சரியாக அன்றைக்கு இவன் முன்னால் வந்து நின்றதாம்.

சோல்வே மேசையில் இருந்த பலகையை மெல்லத் திருப்பினாள். அதில் மாட்டியிருந்த தோலின் வலது முன்கால் பாதத்தோடு இருந்தது. இடது முன்கால் மணிக்கட்டுக்கு முன்பே, பழைய தழும்போடு முடிந்திருந்தது.

லைல் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யார் சுட்டது?"

"ஆர்லன். அண்ணன் செத்த அன்னிக்குக் காலையில. அவரே சொன்னார். 'கடைசியில கிடைச்சுது, அவன் பார்க்கத்தான் இல்ல'ன்னார்."

"அப்போ டேல் சொன்னது..."

"அதுவரைக்கும் நெஜம். அந்தக் கயோட்டி அன்னிக்கு அங்கேதான் இருந்தது. சரி, போட்டோவைக் காட்டு."

முதல் படம் வெண்டெலின் கோட்டு. இடது கைக்குக் கீழே, விலாப்புறம் தோட்டா நுழைந்த இடம். வட்டமாக இல்லை, பட்டன் துவாரம்போல் நீளமாக இருந்தது. தூரத்திலிருந்து சுட்டால் அப்படித்தான் என்று லைல் விளக்கம் சொன்னான். எதையும் தொடாமல் வரும் உறைத் தோட்டா கடைசிவரை மூக்கு முன்னாலேயே வரும், வழியில் எதிலாவது பட்டால்தான் குப்புறப் புரண்டு வந்து இப்படிப் படுக்கைவாட்டில் நுழையும் என்று சோல்வே திருத்தினாள்.

இரண்டாவது படம் தோட்டாவின் அடிப்பக்கம். செம்பு உறை ஈயத்தின்மேல் மடிந்திருக்கும் விளிம்பில் ஒரு இழை சிக்கிக்கொண்டிருந்தது.

"கோட்டு நூல்," என்றான் லைல்.

"கோட்டு என்ன நிறம்?"

"சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்டது."

சோல்வே பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தாள். இழையின் நுனி கறுப்பு. அதற்குக் கீழே வெளிறிய பட்டை. அடியில் சாம்பல். நாற்பது வருஷமாக அவள் தோல்களில் தினமும் சீப்பால் வாரி விடும் மயிர் அது. அது இன்னதென்று அவனுக்குச் சொல்லவில்லை. ஆய்வகத்துக்குப் போன் பண்ணி, அந்த நூலை யாரும் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல் என்று மட்டும் சொன்னாள்.

"ஆர்லன் அன்னிக்குச் சுட்டதை ஷெரிஃப்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாரே. எட்டு மணி வாக்குல வீட்டுக்குப் பின்னால இருக்கிற மேட்டிலிருந்து ஒரு கயோட்டியைச் சுட்டேன்னார். எந்தக் கயோட்டின்னு நாங்க கேக்கல. ஆனா அவர் தோட்டா கயோட்டி வயித்தோட நின்னிருக்கும், மேடம். இருபது வருஷமா அவர் அந்த நொறுங்குற ரகம்தான் போடுறார். அது ஷெரிஃப்புக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

சோல்வேயின் பார்வை ஒரு கணம் சுவரில் இருந்த அட்டைக்குப் போய், மறுபடி மேசைக்கு வந்தது. பின்னல் ஊசி இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே நேராக நின்றிருந்தது.

"நாளைக்கு என்னை அந்தத் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள்.

*

மறுநாள் வடக்கிலிருந்து காற்று அறுத்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி என்று லாரி வானொலியில் சொன்னார்கள். வெண்டெல் இறந்த நாளும் காற்று அதே திசையில்தான் அடித்தது, இன்னும் ஐந்து டிகிரி குறைவு என்று லைல் தன் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னான்.

தொட்டி ஒரு பள்ளத்தின் நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தது. சாவுக்கு மறுநாளே ஆர்லன் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிவிட்டதால் யாரும் அதைத் தொடவில்லை. தண்ணீர் மறுபடி கல்லாக உறைந்திருந்தது. தெற்குப் பக்கம் டிராக்டர் சக்கரத் தடம் பனியில் இறுகிக் கிடந்தது. மேற்கே டேல் உட்கார்ந்திருந்த ஓடைப் பள்ளம். கிழக்கே ஒரு தாழ்ந்த மேடு, அதற்கு அப்பால் இன்னும் உயரமாக ரூட் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்று.

லைல் கைகளை வீசி விளக்கினான். தோட்டா இடது விலாவில் நுழைந்தது. டிராக்டர் தெற்கே நின்றது. ஆகவே வெண்டெல் தெற்குப் பக்கம் நின்று வடக்கே பார்த்து உடைத்துக்கொண்டிருந்தார், இடது கைப்பக்கம் மேற்கு, மேற்கே டேல். அவர் விழுந்து கிடந்த இடத்தை யாரும் பார்க்க முடியவில்லை. ஆர்லன் பதறிப்போய் உடலைத் தூக்கி டிராக்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"லாரியில கோடாலி இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வா. கொஞ்சம் பனியை உடை."

அவன் லாரியைத் தெற்குப் பக்கம், டிராக்டர் தடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தான். கோடாலியை எடுத்தான். தொட்டியைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஓங்கி வெட்டினான். பல வெட்டுக்குப் பிறகு தண்ணீர் தெறித்தது.

"நிறுத்து," என்றாள் சோல்வே. "ஏன் அந்தப் பக்கம் போன? லாரி இங்கேதானே நிக்குது."

"காத்து மூஞ்சியில அடிக்குது, மேடம். அங்கே நின்னா தண்ணி தெறிச்சு மேலேயே உறைஞ்சு போகும். எந்தப் பைத்தியக்காரனாவது அந்தப் பக்கம் நின்னு..." அவன் வாயை மூடினான்.

அவன் காலடியில், வடக்கு விளிம்பை ஒட்டி, வைக்கோல் வாரும் கவைக்கோலால் வாரிப் போட்ட பழைய பனிக்கட்டிகள் குவிந்து கிடந்தன. பத்து நாளாக உருகாதவை. தெற்கே ஒன்றும் இல்லை.

லைல் வடக்குப் பக்கம் நின்றபடியே தெற்கே பார்த்தான். பிறகு தன் இடது கையை மெல்ல நீட்டினான். அது கிழக்கே இருந்த மேட்டைக் காட்டியது. மேட்டின் உச்சிக்கு மேலே குன்றின் முனை தெரிந்தது. குன்றுக்குப் பின்னாலிருந்து ரூட் வீட்டுப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் யாருமே..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. சோல்வேக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஊர் எல்லை வந்ததும் கேட்டான். "இப்பவே போய் ஷெரிஃப்கிட்ட சொல்லிடவா?"

"நாளைக்குச் சனிக்கிழமை. ஆர்லன் தோலைப் பார்க்க வரேன்னு சொல்லியிருக்கார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், அதை நான்தான் கேக்கணும். நீயும் வா. மார்வாவையும் வரச் சொல்லு. அவளுக்குக் கேக்க உரிமை இருக்கு."

*

ஆர்லன் ரூட் உள்ளே வந்து, அடுப்போரம் மார்வா உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். ஐம்பத்தாறு வயது, நெட்டையான உடம்பு. இந்தப் பத்து நாளில் சட்டைக் கழுத்து தொளதொளவென்று ஆகியிருந்தது.

"இவ இருக்கிறான்னு சொல்லலையே, சோல்வே. நான் அப்புறம் வரேன்."

"உக்காருங்க, ஆர்லன். இது உங்களுக்காகத்தான்."

அவர் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. சோல்வே இரண்டு தோல்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று டேல் சுட்டது, ஒற்றை ஓட்டையோடு. இன்னொன்று பாதம் இல்லாதது.

"இது விழுந்ததை எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க."

ஆர்லன் அதை விருப்பத்தோடுதான் சொன்னார். அன்று ஏழரை மணிக்கு மேற்கே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மேற்கே சுட்டால் கயோட்டி கிழக்கேதான் ஓடிவரும் என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குன்றில் ஏறிக் காத்திருந்தார். எட்டு மணிக்கு நொண்டிக்கொண்டு மேட்டின் உச்சிக்கு அது ஏறியது. உதட்டைக் குவித்து எலிபோல் சத்தம் கொடுத்தார். அது பக்கவாட்டில் நின்று திரும்பிப் பார்த்தது. சுட்டார். குன்றுப் பக்கமாகவே ஐம்பது கஜம் ஓடி விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து, அண்ணன் சாப்பிட வரும்போது கண்ணில் படட்டும் என்று சமையலறைக் கதவிலேயே மாட்டி வைத்தார்.

"மேட்டு உச்சியில நின்னுதா?" என்றான் லைல், தாழ்ந்த குரலில்.

"ஆமா. பின்னால வானம்."

"வானத்துக்கு எதிர்ல நிக்கிறதைச் சுடக்கூடாதுன்னு எங்க அப்பா..."

"லைல்," என்றாள் சோல்வே. அவன் நிறுத்தினான். அவள் ஆர்லன் பக்கம் திரும்பினாள். "எந்தத் தோட்டா போட்டீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா என்ன? நவம்பர்ல நான் கொண்டுவந்த மூணு தோலுக்கும் பாதி விலைதான் போட்டீங்க. நான் எப்பவும் தோள்லதான் சுடுறேன்னு திட்டினீங்க. செவுத்துல இருக்கிறதை விரலால காட்டினீங்க. அன்னிக்கே மாத்திட்டேன்."

"உறைத் தோட்டா."

"உறைத் தோட்டா. அண்ணன்கிட்டகூடச் சொல்லல. காசு கொடுத்துப் புதுசு வாங்கினேன்னு தெரிஞ்சா நாள் பூரா நக்கல் பண்ணுவான்."

சோல்வே பின்னல் ஊசியை எடுத்து, பாதம் இல்லாத தோலின் இடது ஓட்டையில் நுழைத்தாள். வலது ஓட்டையில் வெளியே வந்தது. இன்னும் தள்ளினாள். ஊசியின் நுனி மேசைக்கு வெளியே காற்றில் நீண்டது.

"நீங்க இருபது வருஷமா போட்ட தோட்டா கயோட்டிக்குள்ளேயே நிக்கும். பின்னால வானம் இருந்தாலும் பயமில்ல, கயோட்டியோட உடம்பே அதுக்குச் சுவர். அந்தப் பழக்கத்துலதான் உச்சியில நின்னதைச் சுட்டீங்க. தோட்டா மாறிடுச்சு, ஆர்லன். பழக்கம் மாறல."

அவர் ஊசியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதியை அவள் குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். காற்று வடக்கிலிருந்து அடித்ததால் வெண்டெல் தொட்டியின் வடக்குப் பக்கம் நின்றிருந்தார், வாரிப் போட்ட பனிக்கட்டி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அவருடைய இடது விலா பார்த்திருந்தது டேலை அல்ல, மேட்டை. நுழைந்த தோட்டா நேராக வரவில்லை, வழியில் எதையோ துளைத்துப் புரண்டு வந்தது. அதன் அடியில் கறுப்பு நுனியும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு மயிர் சிக்கியிருக்கிறது. ஆய்வகம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது, துப்பாக்கியையும் அவர்கள் கேட்பார்கள். குன்றுச் சரிவில் உட்கார்ந்தவருக்கு மேடு மறைத்துப் பள்ளம் தெரியாது, கயோட்டியில் பட்ட தோட்டாவோ தாழ்ந்து திரும்பும். மேட்டு உச்சியைத் தாண்டிய எதுவும் பள்ளத்துக்குள்தான் இறங்கும்.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. மார்வா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவன் அந்த நேரத்துக்கு மாட்டுக் கொட்டாயிலதான் இருப்பான்," என்றார் ஆர்லன். "தொட்டிக்கு ஒன்பது மணிக்குத்தான் போவான். எப்பவும் ஒன்பது மணிக்குத்தான்."

"அன்னிக்குக் குளிர் அதிகம். மாடு தாகத்துல நிக்கும்னு முன்னாலேயே போயிருப்பார்."

அவர் தலையை ஆட்டினார். அது அண்ணன் செய்யக்கூடியதுதான் என்று ஒத்துக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கஷ்டப்பட்டிருப்பானா?"

"இல்ல," என்றான் லைல். "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், சார். கோடாலியைக் கீழே போடக்கூட நேரம் இருந்திருக்காது."

ஆர்லன் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மேற்கேயிருந்து வந்த கயோட்டி அந்தப் பள்ளத்தைச் சுத்திக்கிட்டுத்தானே மேட்டுல ஏறியிருக்கும், சோல்வே? அவன் அங்கே நின்னிருந்தா அதைப் பார்த்திருப்பான் இல்ல?"

"பார்த்திருப்பார். நொண்டிக்கிட்டுத்தானே போச்சு. தெரியாம இருக்காது."

"பார்த்திருப்பான்," என்றார் அவர். "அப்போ பார்த்துட்டான்."

சோல்வே எழுந்து சுவரில் இருந்த அட்டையைக் கழற்றினாள். ஆணி தெறித்து எங்கோ விழுந்தது. "இதை எழுதினது நான். துளை சின்னதாகும்னு சொன்னேன். துளைச்சுட்டு எங்கே போகும்னு சொல்லல. ஷெரிஃப்கிட்ட அதையும் எழுதித் தரேன்."

"உச்சியில நின்னதைச் சுட்டது நீங்க இல்லையே." அவர் எழுந்து மார்வாவின் முன்னால் போய் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "சர்ச்சுல உன்னைப் பார்த்தேன், மார்வா. பார்க்காத மாதிரி போனேன்."

மார்வா எழுந்து போய் ஒரு கோப்பையில் காபி ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு லைலைப் பார்த்து, லாரியை எடு, ஷெரிஃப் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புவதற்குள் போய்விடலாம், டேல் இன்றைக்கே வீட்டுக்குப் போகட்டும் என்றார். கைவிலங்கு வேண்டுமா என்று அவர் மணிக்கட்டை நீட்டியபோது, லைல் சங்கடத்தோடு தலையசைத்து மறுத்து, அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"தோலை என்ன பண்ணட்டும், ஆர்லன்?" என்றாள் சோல்வே.

அவர் வாசலில் திரும்பினார். மேசைமேல் வளைந்த ஊசி, கோத்த நூலோடு இன்னும் காத்திருந்தது.

"பதப்படுத்திக் கொடுங்க. அவன் நாற்காலியிலதான் போடுவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அந்த ஓட்டை ரெண்டையும் தைக்காதீங்க."

லாரியின் சத்தம் சாலையில் தேய்ந்து அடங்கும்வரை சோல்வே நின்றிருந்தாள். பிறகு ஊசியிலிருந்து நூலை உருவி, கண்டில் சுற்றி வைத்தாள்.